முடிச்சுட்டு உட்காருங்க

அன்புள்ள மிஸ்,

இன்று என் மர ஸ்கேல் உடைந்துவிட்டது. அதுவும் உங்கள் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில், எல்லோரும் பார்க்க. நீங்கள் எங்களை விட்டு ஒரேயடியாகப் போன பிறகு அந்த வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் என்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற உதறலில், உள்ளே நுழைந்ததுமே மேசையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். பாதி என் கையில், பாதி கடைசி பெஞ்சில். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

பக்கத்து வகுப்பில் நான் தட்டித் தட்டி உங்களுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். உங்களிடம் அடியும் கிடையாது, முட்டி போடுவதும் கிடையாது. பாடத்தின் நடுவே பேசியவர் எழுந்து நின்று, பேசியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. "பாதியில நிறுத்தாதே, முடிச்சுட்டு உட்காரு" என்பீர்கள். மேடவாக்கத்திலிருந்து வரும் சதீஷ் ஒருநாள் மாட்டினான்.

"எங்க வூட்டாண்ட தண்ணி லாரி வந்துகினு இருந்துச்சு மிஸ், மூடி தொறந்து கெடந்துச்சு. நாய் குறுக்க வந்துச்சா, சடன் பிரேக். லாரி நின்னுடுச்சு, தண்ணி நிக்கல. மொத்தமும் வாட்ச்மேன் மேல!"

"தண்ணி ஏன்டா நிக்கல?" என்று கேட்டு, நிலைமம் பாடத்தையே அந்த வாட்ச்மேனை வைத்து நடத்தி முடித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டனை என்றால் கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா?

அப்புறம் அந்த இன்ஸ்பெக்‌ஷன். என் வகுப்பு மூச்சு விடவில்லை. அதிகாரி வட்டத்தின் பரப்பளவு கேட்டார். அதற்கும் மூச்சு விடவில்லை. உங்கள் வகுப்பிலோ, அவர் தலைமையாசிரியையின் காதில் ஏதோ கிசுகிசுக்க, ஜெனிஃபர் எழுந்துவிட்டாள். "சார், எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லி முடிச்சுட்டு உட்காருங்க." தலைமையாசிரியையின் முகம் வெளிறிப்போனது. பாவம் மனிதர், "டீ எப்ப வரும்னு கேட்டேம்மா" என்று ஒப்புக்கொண்டார்.

மாலையில் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். இரும்புலியூரில் இறங்கும்போது மட்டும், "உங்க பசங்களுக்கும் ஆன்சர் தெரியும் மிஸ். பயத்துல வாய் வரல" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க நான் உங்களோடு பேசவில்லை.

இன்று உடைந்த பாதியைப் பிடித்தபடி எனக்குள் ஏதோ முணுமுணுத்தேன். ஜெனிஃபர் எழுந்தாள்.

"மிஸ், பாதியில நிறுத்தாதீங்க."

வகுப்பு அடங்கியது. இத்தனை வருஷம் மேசையைத் தட்டியும் அப்படியோர் அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. "உங்க மிஸ் இருந்திருந்தா..." என்று தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

சதீஷ் ஸ்கேலின் மறுபாதியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். "இருந்திருந்தா, 'அப்பாடா, தலைவலி வுட்டுச்சு'ன்னு சொல்லியிருப்பாங்க மிஸ்."

சிரித்துக்கொண்டே அழுதேன். பிள்ளைகளும்தான். உங்களை எவ்வளவு தேடுகிறோம் தெரியுமா?

இரண்டு துண்டும் என் கைப்பையில் இருக்கின்றன. நாளை முதல் பீரியடும் உங்கள் வகுப்புதான். நான் தொடங்கிய வாக்கியத்தை நானேதான் முடிக்க வேண்டுமாம், ஜெனிஃபர் சொல்லிவிட்டாள்.