காகத்துக்கு வைத்த சோறு

ஒக்டோபர் 4, சனி

தூறல். ஆற்றுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெள்ளை. புவாண்ட்-கிளேரில் இந்த வீட்டுக்கு வந்து சேரப் பதினொன்றரை. இரண்டு பஸ். தம்பி தயாபரனும் அவன் மனைவி வசந்தியும் நேற்றே லண்டன் கலியாணத்துக்குப் பறந்துவிட்டார்கள். ஒன்பது நாள் வீடு என் பொறுப்பு.

ஃபிரிட்ஜில் வசந்தி ஒட்டிய தாள்:
பூக்கன்றுக்குத் தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள்.
தெருவில் வைக்கக் குப்பை: செவ்வாய் மண்ணிறப் பெட்டி, புதன் நீலப் பெட்டி.
சாமிக்கு விளக்கு.
பேஸ்மென்ற் லைற்றை அணைக்க மறக்காதேங்கோ அண்ணை.

எல்லாருக்கும் என் மறதிதான் கதை.

ஸ்காபரோவிலிருந்து மகள் துளசி போன். "அப்பா, அடுப்பு நிப்பாட்டினியளோ?" இன்னும் பற்றவைக்கவே இல்லை. முப்பத்தொரு வருடம் டவுன்டவுன் ரெஸ்ரோரன்ற்றில் அடுப்போடு நின்றவன். ஆவணியில் ஒரே ஒரு தரம் வீட்டில் சட்டியை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். தீயணைப்புக்காரர் வந்து, கட்டடத்துச் சனம் முழுக்க வாசலில் நின்றது. அன்றிலிருந்து மகளுக்கு நான் பச்சைப்பிள்ளை. தன் வீட்டுப் பேஸ்மென்றில் வந்து இருக்கட்டாம். அங்கே ஒரு யன்னல். அதால் பார்த்தால் புல்லின் வேர்.

ஒப்பந்தம்: இந்த ஒன்பது நாளும் தனிய, ஒரு பிழையும் விடாமல் இருந்தால் பார்க் எக்ஸ்ரென்ஷனில் என் வீட்டிலேயே இருக்கலாம். பிழை விட்டால் நீண்ட வார இறுதியில் வந்து ஏற்றிக்கொண்டு போவாள். அதற்குத்தான் இந்தக் கொப்பி. செய்வதை எல்லாம் எழுதுவேன், கேட்டால் காட்டுவேன். அ.நி. என்றால் அடுப்பு நிறுத்தியாயிற்று.

புரட்டாசிச் சனி. சோறு, பருப்பு, கத்தரிக்காய். என் மனைவி பவானி காகத்துக்கு வைக்காமல் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டாள். சனிக்கு மட்டுமில்லை, எல்லா நாளும். "கனடாக் காகம் சோறு தின்னாதடி, உருளைக்கிழங்குப் பூட்டீன் கேக்கும்" என்று பகிடி பண்ணுவேன். மாசியில் போய்விட்டாள். இப்போது நான் வைக்கிறேன். நம்பிக்கை என்றில்லை. வைக்காவிட்டால் சோறு இறங்குதில்லை.

பின்வளவில் தண்ணீர்க் குழாயடிக் கல்லில் எவர்சில்வர் தட்டு. 'கா கா' என்று கூப்பிட வெட்கம். இரண்டு தரம், மெதுவாக. ஒன்றும் வரவில்லை.

அ.நி. இரண்டு தரம் பார்த்தேன்.

5, ஞாயிறு

வெயில். காற்றில்லை. காலையில் தட்டு வெறுமை, துடைத்த மாதிரி. அணில் தின்றிருக்கும், மழை கழுவியிருக்கும். சரி.

நடக்கப் போனேன். இந்த ஊரில் சனம் எங்கே? பெரிய பெரிய வீடுகள், வாசலுக்கு இரண்டு கார், புல் எல்லாம் ஒரே மட்டம், மனிதவாடை இல்லை. எதிர்வீட்டு விறாந்தையில் ஒருவர் கதிரையில் இருந்தார். கை காட்டினேன். கிட்டப் போனால் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஹலோவீனுக்கு வைத்தது, தொப்பியும் போட்டு. எனக்கே சிரிப்பு. திரும்பி வரும்போது அது மற்றக் கதிரையில் இருந்தது. மாற்றி வைத்தவரைக் காணவில்லை.

ஆறு இங்கே ஏரி போல அகலம். அலை இல்லை, சத்தம் இல்லை. படகுகளைக் கரைக்கு எடுத்து வெள்ளைப் பிளாஸ்டிக்கால் தலை முதல் கால் வரை சுற்றி நிரையாக அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க மனத்துக்கு நல்லாயில்லை.

பன்னிரண்டரைக்குத் தட்டில் சோறு வைத்தேன். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். கழுவியிருந்தது. மழையில்லை. தட்டில் இன்னும் ஈரம். நடுவில் ஒரு சிட்டிகை சீனி.

வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பாள் பவானி. பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரி ஏதும் கொடுத்தனுப்பினால், கழுவிய ஏனத்தில் ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவாள். இந்த ஊரில் அது யாருக்குத் தெரியும்?

அ.நி. யன்னல் எல்லாம் பூட்டு.

6, திங்கள்

பூக்கன்றுக்குத் தண்ணீர். விளக்கு. சோறு, கீரை. தட்டு பன்னிரண்டு நாற்பதுக்கு வைத்தேன்.

இரண்டு மணி. கழுவியிருக்கிறது. சீனி.

பின்னேரம் துளசியிடம் வாய் தடுமாறித் தட்டின் கதையைச் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். சீனியைச் சொல்லவில்லை, அந்தளவுக்குப் புத்தி இருந்தது.

"அப்பா, நீங்கள்தான் கழுவியிருப்பியள்."

"நான் கழுவினா எனக்குத் தெரியாதோ?"

"அதைத்தானப்பா நானும் சொல்லுறன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன்.

7, செவ்வாய்

மப்பு வானம். இன்றைக்குப் பிடிக்கிறேன் என்று குசினி யன்னலோடு கதிரையைப் போட்டு இருந்தேன். தட்டில் சோறு. ஒரு மணி. ஒன்றரை. ஒன்றே முக்கால். காகமும் இல்லை அணிலும் இல்லை. புல்லில் வாத்துகள் நாற்பது ஐம்பது, எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி, ஒன்றும் கத்தவில்லை.

மண்ணிறப் பெட்டி. காலையில் தெருவில் வைத்தது, உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். முன்பக்கம் போய் எடுத்து வரக் கூடிப்போனால் ஐந்து நிமிடம்.

வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கிடக்கிறது. சீனி.

கையை மோந்து பார்த்தேன். சவர்க்கார மணம் இல்லை. பெருவிரலில் சோற்றுப் பசை. அது காலையில் ஒட்டியதா, இப்போதா? சத்தியமாகத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. எழுதியே விடுகிறேன்: பயமாக இருக்கிறது. பேயென்றால் பரவாயில்லை, பவானி என்றால் காலில் விழுந்து அழுவேன். நான் என்றால்?

இந்தக் கொப்பியை இனித் துளசிக்குக் காட்ட முடியாது.

8, புதன்

நீலப் பெட்டி வைத்தேன். எடுத்தேன். அ.நி. அ.நி. அ.நி.

தட்டு. கழுவல். சீனி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இங்கே ஒன்றும் இருட்டில்லை, பட்டப்பகல்.

துளசி போன்: "ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிடுறன். சும்மா பாக்கத்தான் வாறன் அப்பா." சும்மா பார்க்கவா ஐந்து மணித்தியாலம் கார் ஓடுவாய்?

9, வியாழன்

எழும்பினதிலிருந்து புகார் மூட்டம். பத்தடிக்கு அப்பால் வளவு இல்லை. மத்தியானமும் விலகவில்லை. தட்டை வைத்துவிட்டுக் குசினி லைற்றை அணைத்துவிட்டு நின்றேன்.

வெள்ளை உடுப்பு. அவிழ்த்த நரைமயிர். முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி நின்று கையால் அள்ளிச் சாப்பிடுகிறது. "பவானி" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். கண்ணாடிக்குள்ளால் கேட்டிருக்காது. குனிந்து குழாயைத் திறந்து தட்டைக் கழுவியது, உதறியது, கல்லில் வைத்தது. திரும்பியபோதுதான் முகத்தைக் கண்டேன். வெள்ளைக்காரக் கிழவி. இரவுச் சட்டை, கம்பளிச் செருப்பு. வேலி மரத்துக்குள் ஓர் இடைவெளி, அதற்குள் நுழைந்து போய்விட்டாள். அந்தப் பக்கத்து வீட்டில் ஆளே இல்லை என்றல்லவா நினைத்தேன். திரைச்சீலை விலகி ஒருநாளும் காணவில்லை.

ஓடிப்போய்த் தட்டைப் பார்த்தேன். ஈரம். சீனி இல்லை. சுற்றி முன்பக்கத்தால் போய் அவள் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. திரும்பி வந்தால் தட்டின் நடுவில் சீனி. ஈரத்தட்டில் சீனி கரைய எவ்வளவு நேரமாகும்? அது கரையவில்லை, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இருந்தது.

சரி, கிழவி திரும்பி வந்து வைத்திருக்கிறாள் என்று மனத்தைத் தேற்றினேன். வசந்தி பழக்கியிருப்பாள். லண்டனுக்குப் போன் போட்டேன்.

"அது டொரத்தி, அண்ணை. பாவம், மறதி வருத்தம். வசந்த காலத்தில ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டவ. மகன் கிறிஸ் எங்களிட்டச் சொல்லி வச்சிருக்கிறார், வெளியில கண்டா உடன போன் பண்ணச் சொல்லி. இன்னொருக்கா வெளிக்கிட்டா வயசுபோன ஆக்களின்ர ஹோமில விடுவாராம்."

"நீர் அவவுக்குச் சாப்பாடு குடுத்துப் பழக்கமோ? ஏனத்தில சீனி போட்டுத் தாறதெல்லாம்?"

"சீனியோ? நான் ஒருநாளும் ஒண்டும் குடுக்கேல்லையே. ஏன் அண்ணை?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். எதற்கும் துளசிக்கு இப்போதே எடுத்து, கழுவினது நானில்லை, கிழவி என்று சொல்லலாம். கையில் போன். எடுக்கவில்லை. நாளைக்குக் கிழவியைப் பார்த்துவிட்டு.

10, வெள்ளி

குளிர். ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் கொண்டுபோய் டொரத்தியின் கதவைத் தட்டினேன். சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. ஆங்கிலத்தில்தான் பேச்சு, நான் விளங்கினபடி எழுதுகிறேன்.

"அந்தச் சோறு யாருக்கு வைத்தது?" அவள்தான் முதலில் கேட்டாள்.

"காகத்துக்கு."

"ஐயோ. நான் தின்றுவிட்டேனே. பெட்டியில் இருக்கிற சாப்பாடு எதிலும் மணம் இல்லை. உங்கள் சோற்றில் மணம் வந்தது." வெட்கப்பட்டாள். "தட்டைக் கழுவித்தான் வைத்தேன்."

"சீனி?"

"என்ன சீனி? எனக்குச் சர்க்கரை வருத்தம். வீட்டில் சீனியே இல்லை, மகன் எல்லாவற்றையும் எறிந்துவிட்டான்."

எனக்கும் அதே வருத்தம். இந்த வீட்டில் சீனிப்போத்தல் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கையைச் சங்கிலிக்கு மேலால் நீட்டி என் விரலைப் பிடித்தாள். ஐஸ் போலக் கை. "கிறிஸ்ஸிடம் சொல்லாதீர்கள். என்னைக் கொண்டுபோய் அடைத்துவிடுவான். அங்கே யன்னல் திறக்காதாம்."

தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தலையாட்டினாள். அந்தச் சத்தியம் நாளைக்கு ஞாபகமிருக்குமா? சொல்லாமல் விட்டு அவள் ஆற்றோடு போனால் அந்தப் பாவம் எனக்கு. சொன்னால் என் பேர் சுத்தம், வீடு மிஞ்சும், மகள் வாய் மூடும். இரண்டையும் மாறி மாறி யோசித்துத் தலையிடி.

கதவை மூட முன் சொன்னாள்: "உங்கள் மனைவி நல்லவர். பார்த்துக்கொண்டுதான் நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார்."

வசந்தியைச் சொல்கிறாள். வசந்தியைத்தான்.

சீனிப்போத்தலைத் தேடவில்லை. தேடப்போவதுமில்லை.

11, சனி

புரட்டாசிச் சனி. வெயில். டொரத்திக்கு முன்கதவில் சாப்பாடு கொடுத்தேன். "நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். வேலி இடைவெளிக்குள் தயாவின் இரண்டு பூச்சாடியைத் தூக்கி வைத்தேன், முதுகு பிடித்துவிட்டது.

காகத்துக்கும் வைத்தேன். முதல்முறை ஒரு காகம் வந்தது. தின்றது, போனது. தட்டு பின்னேரம் வரை பருப்புக் கறையோடு அப்படியே கிடந்தது. யாரும் கழுவவில்லை. சந்தோசப்பட வேண்டும். ஆறு மணி வரை யன்னலடியில் நின்றேன். ஏமாற்றத்தில் கண் கலங்கிவிட்டது.

அ.நி.

12, ஞாயிறு

காருக்குள் இருந்து எழுதுவது. எழுத்து ஆடும்.

துளசி பதினொரு மணிக்கு வந்தாள். கட்டிப்பிடித்தாள். அடுப்பு, குழாய், பேஸ்மென்ற் எல்லாம் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. "நல்லாத்தான் வச்சிருக்கிறியள்" என்றபோது முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கும் என்னைக் கொண்டுபோக விருப்பமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. பயம், அவ்வளவுதான்.

வெளியே கார் பக்கம் நிற்க, பக்கத்து வாசலில் கிறிஸ். நெடிய ஆள், நித்திரையில்லாத கண். நேரே என்னிடம் வந்தார். அம்மாவின் இரவுச் சட்டைக் கையில் மஞ்சள் கறை, செருப்பில் புல். உங்கள் வளவுக்கு வந்தாவா என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் யன்னலில் திரைச்சீலை விலகியிருந்தது. டொரத்தி நின்றாள்.

நான் வாய் திறக்க முன் துளசி: "ஓ, அப்ப அதுதான். என் அப்பாவின் தட்டை யாரோ ஒவ்வொரு நாளும் கழுவி வைத்ததாம். உங்கள் அம்மாவாக இருக்கும்." ஆங்கிலத்தில், எவ்வளவு ஆசையோடு சொன்னாள். என் பக்கம் திரும்பி, "என்னப்பா, அவதானே? அவவைக் கண்டனியளோ?"

என் பிள்ளை எனக்காகக் கதைக்கிறாள். ஓம் என்ற ஒரு சொல் போதும்.

கறை நான் முன்கதவில் கொடுத்த பருப்பு என்றேன். வளவுக்கு அவ வந்ததில்லை. புல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, வாசலிலும் புல்தானே.

"அப்ப தட்டு?"

"நான்தான்," என்றேன், இருவருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே. "கழுவுகிறேன், பிறகு மறந்துபோகிறேன்."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லி முடித்தபோது அதில் எவ்வளவு பொய் என்று எனக்கே தெரியவில்லை.

கிறிஸ் நன்றி சொன்னார், என் தோளைத் தட்டினார். கதவடியில் போய்த் திரும்பி ஒருக்கால் பார்த்தார், இரக்கத்தோடு. கிடைத்த சந்தர்ப்பத்தில் அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன்: அம்மாவுக்குச் சூடான சோறு கொடுங்கள், பின்வாசலுக்கு ஒரு பூட்டுப் போடுங்கள்.

துளசி உள்ளே போய் என் உடுப்புகளை மடித்து எடுத்து வந்தாள். தயாபரன் இரவு வந்துவிடுவான், வீட்டுத் திறப்பைக் கதவடித் தபால் பெட்டிக்குள் போட்டாள். ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டிவிட்டாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக:

"அப்பா. தூரம் ஓட வேணும். பாத்ரூம் போட்டு வாங்கோ."

போனேன்.