மூன்றாவது மண்வில்லை

ஆகஸ்ட் 26, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். வாங்க வேண்டியது: களிமண் பிள்ளையார் (சின்னது), எருக்க மாலை, அருகம்புல், வாழையிலை 2, பி.பி. மாத்திரை. தாம்பரம் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளையாருக்குக் குடை மறந்துவிட்டது. வசந்தாவிடம் திட்டு.

சாயங்காலம் பக்கத்து ஃப்ளாட் டேனியல் சார் வந்தார். காலேஜில் ஹிஸ்டரி எடுத்து ரிடையர் ஆனவர். ஷோகேஸில் இருக்கும் மண்வில்லைகளைப் பார்க்க வேண்டுமாம். உள்ளங்கை அகலம், சுடாத மண், மேலே புத்தர். ஏர்ஃபோர்ஸில் இருந்தபோது லடாக்கில் லே ஊரிலிருந்து கொண்டுவந்தவை, மூன்று. லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டும் ரொம்பப் பழசு சார். மூணாவது மட்டும் கிட்டத்துல பண்ணது மாதிரி கீதே... இருக்கே?"

"ஆமா."

"அங்கெல்லாம் செத்தவங்க சாம்பலை மண்ணுல குழைச்சு இப்படிப் பண்ணுவாங்க, தெரியுமா?"

எனக்கா தெரியாது! நல்லவேளை, வசந்தா அடுப்படியில், குக்கர் சத்தத்தில்.

மூன்றாவது கார்த்தி. என் பிள்ளை. இத்தனை வருஷ டைரியில் இன்றுதான் எழுதுகிறேன்.

27, புதன்
சதுர்த்தி. கொழுக்கட்டை 21. எனக்கு இரண்டு கூட இறங்கவில்லை.

ஏழு வயது. லேயில் நிமோனியா, இரண்டே நாள். அங்கேயே காரியம். வசந்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சாம்பல்ல ஒரு பிடி குடுங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்." வீட்டில் வைக்கக் கூடாது, சாஸ்திரமில்லை என்று கத்தினேன். எல்லாம் சிந்து நதியில் விட்டாச்சு என்றேன்.

பொய். ஒரு பிடி பாக்கெட்டில் இருந்தது. ஹவுஸ் ஓனர் டோல்மா அக்கா மண்ணில் குழைத்து, அவர்கள் வீட்டுப் பழைய பித்தளை அச்சில் அழுத்திக் கொடுத்தாள். வசந்தாவிடம் சொல்லவில்லை. முதலில் பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் இருபத்திரண்டு வருஷம்.

28, வியாழன்
வசந்தா ஷோகேஸ் கதவைத் திறக்க, வில்லை விழுந்து இரண்டாகப் போனது. மூன்றாவதுதான். டேனியல் சாருக்குக் காட்டிவிட்டு ஓரத்தில் வைத்த முட்டாள் நான்.

"உடைஞ்ச சாமிய வீட்ல வைக்கக் கூடாதுங்க."

"தொடாதே! ஒட்டிக்கலாம்!" அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒரு மண்ணுக்கா இந்தக் கத்தல் என்று நினைத்திருப்பாள்.

ஃபெவிகால் வாங்க வேண்டும்.

30, சனி
மழை. கரண்ட் இல்லை. ஃபெவிகால் வாங்கவில்லை.

31, ஞாயிறு
காலையில் பம்மல், மச்சினன் வீடு. திரும்பும்போது மணி ஒன்று. ஷோகேஸில் இரண்டுதான் இருந்தன.

"பிள்ளையாரோட சேர்த்துக் கரைச்சுட்டேங்க. கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை கரைக்கக் கூடாதுன்னு இன்னிக்கு வரைக்கும் வச்சிருந்தேன். உங்க புத்தர் லேசுல கரையல. கையால பிசைஞ்சு பிசைஞ்சு விட்டேன்."

பக்கெட் காலி. செம்பருத்தித் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். தொட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். பிள்ளையார் மண் எது, அவன் எது? ஒன்றும் தெரியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 1, திங்கள்
பி.பி. 170. சொல்லாமலே செத்துவிடலாம். அவள் கையாலேயே கரைத்தாள் என்று தெரிந்தால் தாங்குவாளா? வசந்தா ரசம் வைத்தாள். உப்பு அதிகம். சொல்லவில்லை.

2, செவ்வாய்
மதியம் பால்கனியில் அவள் அந்தத் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு உரம் போட்டு மாற்ற வேண்டுமாம். "கொட்டாதே வசு" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பாக்கெட், டோல்மா அக்கா, அச்சு.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மண் ஒட்டிய கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரெண்டு வருஷமா நீங்க மட்டும் வச்சிருந்தீங்களா? ஒரே ஒரு நாள் என்கிட்ட குடுத்திருக்கலாமேங்க."

கையைக் கழுவச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள்.