நிலா விளக்கில் மாப்பிள்ளை

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். நான் ராத்திரி முழுக்க இருட்டில் உட்கார்ந்து மீன்களோடு பேசுகிறேன் என்று உன் அத்தை உனக்குச் சொல்லியிருக்கிறாள். மாடி வீட்டு நர்ஸிடமும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் படியில் என்னைக் கண்டால், "சாப்ட்டீங்களாம்மா?" என்று கைக்குழந்தையைக் கேட்பதுபோல் கேட்கிறாள். ராத்திரி முழுக்க இல்லை. ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை. இருட்டில் இல்லை, நீல விளக்கு எரிகிறது. மீன்களோடு நான் பேசுவதும் இல்லை. ஒரே ஒருமுறை "ச்சீ, போ" என்றேன். அது பேச்சில் சேராது.

விளக்கு வந்த கதை இதுதான். தொட்டியின் பெரிய விளக்கைப் பட்டென்று அணைத்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதின. ஒன்றுக்குச் செதில் பெயர்ந்துவிட்டது. மீன் கடைக்காரர், "நிலா விளக்குன்னு எல்.இ.டி. வந்திருக்கு மேடம். மங்கலா, நீலமா எரியும். பெரிய லைட்டு போனதும் இது வரும். மீனுங்க பதறாது" என்றார். அவரே வந்து மாட்டினார். மாட்டிய லட்சணத்தைக் கேள். விளக்குப் பட்டை கோணல். வயரைத் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்கு இழுத்துவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் வயரில் வழிந்தால் நேரே பிளக்குக்குள்தான் போகும். வயர் முதலில் பிளக்கைவிடக் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏற வேண்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டே காட்டியிருக்கிறான்.

"தாளைப் படிச்சீங்களா?" என்றேன்.

"தாளை யாரு மேடம் படிக்கிறா?" என்று சிரித்தார்.

அவர் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் கழற்றி, அடிமட்டம் வைத்து, நானே ஒட்டினேன். ஸ்டூல் விஷயம் அத்தைக்குப் போக வேண்டாம்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மாலை, பெரிய விளக்கு அணைந்து நீல வெளிச்சம் வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மரக்கட்டைக்குப் பின்னால் இருக்கும் குழாயிலிருந்து ஒரு மூக்கு நீண்டது. பிறகு உடம்பு. கறுப்பு, கத்தி அலகு போல. வாலில் இரண்டு வெள்ளை வளையங்கள். உன் அப்பாவின் கத்தி மீன். பகலெல்லாம் ஒளிந்துகொண்டு, விருந்து வைத்தால் மட்டும் வெளியே வருகிறது என்று அவர் "மாப்பிள்ளை" என்று பேர் வைத்தாரே, அதே மாப்பிள்ளை. சின்ன மீன்கள் ஒன்பது நாலாகக் குறைந்ததற்கு நான் கடைக்காரரைத் திட்டியிருந்தேன். திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். அப்போது சொன்னதுதான் அந்த "ச்சீ, போ".

அப்பா போன மூன்றாவது வாரம் நீ தொட்டியைக் கழுவினாய். மறுநாள் மாப்பிள்ளையைக் காணவில்லை. "உள்ளேதாம்மா இருக்கு, ஒளிஞ்சிருக்கு" என்றாய். "அவரோட மீனைக் கொன்னு குப்பையில போட்டுட்டு, என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றியா?" என்று நான் கேட்டேன். அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு நீ கிளம்பினாய். இரண்டு வருஷம் ஆகிறது.

நான் சொன்னது தவறு. எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.

அன்புடன்,
அம்மா

மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அச்சுப்போலத்தான் இருக்கிறது. உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு வந்ததுபோல, உடனே பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை இருப்பதில் சந்தோஷம். பழைய கதையை விடுங்கள் அம்மா. நானும் அன்றைக்குக் கோபத்தில் கிளம்பியிருக்கக் கூடாது. நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

நீல வெளிச்சத்தில் ரொம்ப உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது. ஸ்டூலில் ஏறாதீர்கள். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை; அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் பேத்தி ஒரு பல்லை ஆட்டி ஆட்டி விழவைத்துவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் மகன்

மார்ச் 22

அன்புள்ள மகனுக்கு,

பல் செய்தி மகிழ்ச்சி தந்தது. மற்றபடி உன் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷம் கழித்து எழுதுபவன் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. இப்படிச் சுருக்கமாக எழுதுவது உன் பழக்கம் இல்லை. எனக்கு அது உறுத்தியது.

உறுத்தியதால் அப்பாவின் தொட்டி நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் தன் வயதுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் நீளத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடியின் வெளியே அளவு நாடாவை ஒட்டி, அது குறுக்கே நீந்தும்போது பார்ப்பார். கடைசிப் பிறந்தநாளன்று முப்பத்தொன்று சென்டிமீட்டர்.

நானும் நாடாவை ஒட்டினேன். ஐந்து மாலை அளந்தேன். ஒருநாள் தவறியிருக்கலாம், ஐந்து நாளும் தவறாது. பத்தொன்பது.

மீன் சுருங்காது.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அதை நீ வாங்கி வைத்திருக்கிறாய். உனக்கு உரியதுதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுது.

அம்மா

ஏப்ரல் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அப்பாவின் மீன் செத்துப்போனது. நான்தான் காரணம். தொட்டியைக் கழுவுவதற்காக, மீன்களுக்குத் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். கழுவி முடிப்பதற்குள் நீங்கள் கூப்பிட்டு, அப்பாவின் சட்டைகளை மடித்துக் கட்டி வைத்திருந்த மூட்டையைக் கீழே வண்டியில் ஏற்றச் சொன்னீர்கள். ஏற்றினேன். திரும்பி வந்து தண்ணீரை நிரப்பினேன். பிளக்கை மாட்ட மறந்துவிட்டேன். அன்றைக்கு நல்ல குளிர். காலையில் அது ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

நீங்கள் எழுந்திருக்கும் முன்னால் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனேன். குப்பையில் போடவில்லை. பின்சந்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். கடை திறக்கும்வரை வாசலில் நின்று, இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். என் விரல் நீளம்தான் இருந்தது. விட்ட உடனே குழாய்க்குள் புகுந்துகொண்டது. "ஒளிஞ்சிருக்கு" என்றேனே, அது பொய்யில்லை என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் மன்னிப்பு வந்தபோது திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆசையாக இருந்தது. வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு எழுதியபின் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் மீனைப் பற்றி மட்டும்தான் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். நான் வீட்டை விட்டுப் போனது மீனுக்காக இல்லை. பெட்டியோடு கதவருகே நின்றபோது, "அப்பாவையும் இப்படித்தானே விட்டே" என்றீர்கள். வெள்ளிக்கிழமை அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்று நான் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். நீங்கள் சொல்லித்தான் எனக்கு அது தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் நீங்கள் சொன்னபிறகு அந்த வீட்டில் எனக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

உங்கள் மகன்

ஏப்ரல் 16

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. கடிதத்துக்கு அன்றன்றே பதில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். இந்த ஒருமுறை என்னால் முடியவில்லை.

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நீ அதைக் கவனக்குறைவால் கொன்றாய். பிறகு பொய் சொன்னாய். பிறகு என் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டாய். மூன்றும் தவறு. மூட்டையை நான் அந்த நேரத்தில் தூக்கச் சொன்னது என் தவறு. அவர் சட்டைகள் அலமாரியில் இன்னும் ஒருநாள் தொங்கினால் நான் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அதனால் உன்னை விரட்டினேன்.

கதவருகே சொன்னதை நான் மறக்கவில்லை. முதல் கடிதத்தில் அதை எழுதி, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, மறுபடி நகல் எழுதினேன். அதை எழுதினால் அடுத்ததையும் எழுத வேண்டியிருக்கும். இதுவரை யாருக்கும் சொல்லாதது. உன் அத்தைக்கும் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி உன் அப்பா தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒரு மாதிரியா இருக்குடி. இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றார்.

"வாயுவா இருக்கும். திங்கக்கிழமை அவன் வர்றான்ல? இந்த நேரத்துல அக்கம்பக்கத்தை எல்லாம் எழுப்பி ஊரைக் கூட்டணுமா?" என்றேன்.

வெந்நீர் கொடுத்தேன். குடித்தார். "சரி, டீச்சர் சொன்னா சரி" என்று சிரித்தார். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. என்னைக் கேலி செய்ய அவர் அப்படித்தான் கூப்பிடுவார். விடிந்தபோது அவர் இல்லை.

நம் வாசலில் ஆம்புலன்ஸ் நின்று, பக்கத்து வீட்டார் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. நீ தள்ளிப்போட்டபோது அவருக்கு வலி இல்லை. உனக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மூன்று வாரம் அதைச் சுமந்துவிட்டு, அன்று கதவருகே உன் தலையில் இறக்கி வைத்தேன். நீ அதை இரண்டு வருஷம் சுமந்திருக்கிறாய். அது உன்னுடையது இல்லை. என்னுடையது.

இதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ நல்ல பிள்ளையாக உடனே கொடுத்துவிடுவாய். யோசித்துப் பார்க்க உனக்கு நேரம் இருக்காது. நேரம் எடுத்துக்கொள். கோபம் வந்தால் கோபப்படு.

ஆனால் போன் செய்யாதே. போனில் நாம் இரண்டு பேரும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவோம். அத்தை மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. இந்தக் கடிதத்துக்கு, எத்தனை நாள் ஆனாலும், உன் கையால் எழுதிப் பதில் போடு.

அம்மா