கோபுரத்தில் அடித்த தப்பு மணி

மே 14

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வசதியில்லாததையும் சேர்த்து. இப்படிக்கு, ஒட்டிலியே, வயது பன்னிரண்டு.

முதல் செய்தியே பெரிய செய்தி. கோவில் வேலையெல்லாம் பார்க்கும் கோவில்பிள்ளை க்ளூபர் மாமா பீடத்துக்குப் பூ ஜோடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சனிக்கிழமை லோர்ஃபெல்ட் யாத்திரிகர்கள் மாதாவைப் பார்க்க வருகிறார்கள், இரண்டு நாள் நடந்து. மேட்டு வளைவில் அவர்கள் கொடி தெரிந்ததும் கோபுரத்தில் மணி அடிக்கவேண்டும். அதைக் கேட்டுத்தான் பங்குச்சாமி தீர்த்தச் செம்போடும், வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டும், அம்மா எங்கள் சத்திரத்துப் பட்டாணி சூப்போடும் கிளம்புவார்கள். முப்பத்தொரு வீடும் வாசலுக்கு வரும்.

மாமாவுக்குப் பதில் யார்? நான்!

"பொறுப்பான பிள்ளை, எப்பப் பாத்தாலும் படிச்சிட்டே இருக்கும்" என்றார் மாமா. "சரியா செஞ்சேன்னா செப்டம்பர்ல மாதா பிறந்தநாளுக்கும் நீதான். சொதப்பினே, கயிறு கெர்லிண்டேகிட்ட போயிடும்."

கெர்லிண்டே என் பெஞ்சுக்காரி. கழுகுக் கண். புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி.

மே 15

மேலே மூன்று மணி நேரம் காத்திருக்கவேண்டுமாம். துருவப் பயணப் புத்தகத்தைக் கொண்டுபோகலாமா? பத்துப் பக்கம்தானே.

மே 16

மேட்டுப் பக்கம் மூடுபனி. அதனால்தான் தவறு நடந்தது.

மே 16, இன்னொரு முறை

மேலே இருப்பது பொய். வெயில் பளிச்சென்று அடித்தது. புத்தகத்தில் கப்பல் பனிக்கட்டியில் மாட்டியிருந்தது, நானும் அதிலேயே மாட்டியிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டது, நிமிர்ந்தேன், மஞ்சள் கொடி — கயிற்றில் தொங்கிவிட்டேன்.

மாதா கொடியும் மஞ்சள்தான். ஆனால் இந்தக் கொடியில் மாதா இல்லை. ஒரு பூட்ஸ் இருந்தது.

வடக்கே ஹாம்புர்க் பக்கத்து நடைபயணக் கழகம். நாற்பது பேர். அத்தனை பேரும் மாதாவையும் தீர்த்தத்தையும் வணங்காத லூத்தரன் சபைக்காரர்கள். தீர்த்தம் தெளித்து முடித்த பிறகுதான் பங்குச்சாமி கொடியைப் பார்த்தார். அவர்கள் தலைவி மூக்கில் வழிந்த தீர்த்தத்தைத் துடைத்துக்கொண்டு, "தெற்கத்திக்காரங்க உபசாரமே தனி!" என்று உருகினாள். அதற்கு மேல் யாருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரும்? சூப் முழுவதையும் குடித்துத் தீர்த்தார்கள். சிலர் மூன்று கிண்ணம்.

அரை மணி கழித்து நிஜ லோர்ஃபெல்ட்காரர்கள் கால் கொப்புளத்தோடு வந்து நின்றார்கள். மணி இல்லை, வாத்தியம் இல்லை. அவர்கள் தலைவர் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார். "என்ன, ஊர்ல ஏதும் கல்யாணமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூடுபனி என்றேன். கீழே இருந்தவர்களுக்கு மேடு தெரியாது. நம்பிவிட்டார்கள்.

மே 23

பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே மூச்சுவிட முடியாது. பாவமும் போகும், கோபுரமும் தங்கும். என்ன கெட்டிக்காரத்தனம்!

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமி நன்றாகக் குனிந்தார். பிறகு, "கப்பல் தப்பிச்சுதா?" என்றார்.

"இன்னும் இல்ல, சாமி."

பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.

மே 24

பூசை முடிந்து எல்லோரும் எங்கள் சத்திரத்தில். க்ளூபர் மாமா கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு கேட்டார்: "செப்டம்பருக்கும் ஒட்டிலியேதானே, சாமி? மூடுபனிக்கு அவ என்ன பண்ணுவா?"

சாமி என்ன சொல்வார்? சரி என்றால் பொய். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு முழு உருளைக்கிழங்கு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

"தொண்டையில சிக்கிடுச்சா சாமி?" அம்மா முதுகில் தட்டினாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. பாவம், என்னைக் காப்பாற்ற அவர் எத்தனை உருண்டையை விழுங்குவார்?

"மாமா, பனியே இல்ல. நான் படிச்சிட்டிருந்தேன்."

சாமி உருண்டையை விழுங்கினார்.

"எண்பது கிண்ணம் சூப்புடி!" என்றாள் அம்மா. "எண்பது!"

மாமா ஒரே வரிதான் சொன்னார். "கயிறு கெர்லிண்டேக்கு."

மே 25

அழவில்லை. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 30

கெர்லிண்டே வந்தாள். "மூணு மணி நேரம் சும்மா உக்காரணுமாமே! பைத்தியம் பிடிச்சிடும்டி. நீயும் வா, எதையாவது வாசி. பாக்கறதை நான் பாத்துக்கறேன்."

மாமா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: நான் கயிற்றைத் தொடக்கூடாது.

செப்டம்பர் 8

முதல் அத்தியாயத்தில் கெர்லிண்டே ஜன்னலில் நின்றாள். இரண்டாவதில் உட்கார்ந்தாள். மூன்றாவதில் பனிக்கரடி வந்ததும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிவிட்டாள். நான் ஒரு வரி வாசிப்பேன், மேட்டைப் பார்ப்பேன். ஒரு வரி, மேடு. மஞ்சள் கொடி! நன்றாக உற்றுப் பார்த்தேன். மாதாதான்.

"கெர்லிண்டே, வந்துட்டாங்க. அடி!"

"இரு, அந்தக் கரடி என்னாச்சு?"

"அடிடீ!"

"பக்கத்தை முடிச்சிடு!"

புத்தகத்தை மூடினேன். கயிற்றில் தொங்கினேன். கீழே வாத்தியம் சரியான நேரத்தில் தொடங்கியது.

சாயங்காலம் மாமா கெர்லிண்டேயின் கண்ணைப் புகழ ஆரம்பித்தார். அவள் வெடித்துவிட்டாள். "பாத்தது இவ, அடிச்சது இவ, கரடி என்னாச்சுன்னு சொல்லாம விட்டதும் இவதான்!"

மாமா பெருமூச்சுவிட்டார். "அப்ப மே மாசம் ரெண்டு பேரும் ஏறுங்க." யார் பார்ப்பது, யார் அடிப்பது என்று சொல்லவில்லை.

சத்திரம் நிறைய யாத்திரிகர்கள். கெர்லிண்டே இன்று என் கட்டிலில். கரடியைக் கேட்டு விலாவில் இடிக்கிறாள். வாசிக்கலாம் என்றால் அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.