ஜனாதிபதியின் சிபாரிசு

நொஷாட்டல், சுவிஸ்,
12.11.1986

அன்பின் தில்லைநாயகிக்கு,

ஆமி கொண்டுபோன மகனை விடுவிக்க, "உங்கட ஜனாதிபதியிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ" என்று மூன்று தரம் எழுதிவிட்டீர். நான் கூட்டித் துடைக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு முன்னாள் ஜனாதிபதி இருக்கிறார் என்று பெருமைக்கு எழுதியது என் பிழைதான்.

தென்னமெரிக்காவில் ஒரு நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து, இரண்டு தேர்தல்களில் வென்றவர். அவரே பதவி உயர்த்திய தளபதிதான் அவரை நாட்டைவிட்டுத் துரத்தினான். இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தானையும் நான்தான் பூட்டிவிடுகிறேன்.

இன்று கேட்டுவிட்டேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே எழுதி, தன் பழைய முத்திரையையும் குத்தித் தந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். முகாம் வாசலில் காட்டிப் பாரும். தனியப் போகவேண்டாம், அண்ணையைக் கூட்டிக்கொண்டு போம்.

கடிதத்தைத் தந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

"என்ர மகனையும் எங்கட நாட்டில பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். பதினொரு வருசம். உங்கட ஜனாதிபதியிட்ட ஒரு கடிதம் வாங்கித் தருவியோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உம்முடைய,
மகனின் அப்பா