நாற்பத்து மூன்று புள்ளிகள்

டுசல்டோர்ஃப்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் மிதுசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

மடு மாதாவின் துணையால் நானும் அம்மாவும் சுகம். படைமுகாமில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் மன்றாடினோம். கையில் தொலைபேசி இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேசத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவேன், நத்தார்ப் பண்டிகையன்று போனதுபோல. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்திருக்காது. ஆறுதலாக வாசி.

இங்கே எல்லாரும் யுத்தம் வருமோ என்றுதான் கதைக்கிறார்கள். பத்து நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் வைத்திருங்கள் என்று அரசாங்கம் சொன்னாலும் சொன்னது, கீழ்வீட்டு ஜூலியன் உன் அம்மாவிடம் வந்து, எதை எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறான். அம்மாவுக்கு ஒரே பெருமை. நிலவறையில் அவ அரிசியும் ரின்னில் அடைத்த மீனும் மெழுகுதிரியும் அடுக்கியிருப்பதைப் பார்த்து முன்பு நீ சிரிப்பாய். இப்போது அந்த நிலவறையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். லித்துவேனியாவில் நிற்கும் ஜேர்மன் படையணிக்கு இரண்டு வருடம் போகப் போகிறாய். "வெள்ளிக்கிழமைக்கிடையில அன்ட்ராக் படிவத்தில கையெழுத்து வைக்கவேணும். நீங்கள் ஓம் எண்டாத்தான் அப்பா வைப்பன்" என்றாய். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு என் சம்மதம் எதற்கு? ஆனாலும் கேட்டாய். அதனால்தான் உனக்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நத்தாரன்று உன் வேலையை விளக்கினாய். எல்லையோரம் கொங்கிறீட் தடுப்புகள், டாங்கிகளை மறிக்கும் பள்ளங்கள், கிடங்குகளில் ஆயத்தமாகக் கண்ணிவெடிகள். "எங்கட வெடி மனிசர் மிதிச்சா வெடிக்காதப்பா, டாங்கிக்கு மட்டும்தான்" என்றாய். நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனேன். உன் சீருடை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதாயாம். அப்படியில்லை, பிள்ளை. உன் சீருடைப் படம் என் பணப்பையில்தான் இருக்கிறது.

முப்பத்திரண்டு நாடுகள் கூட்டணியாக இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் எல்லாரும் வருவார்கள் என்கிறாய். வரட்டும், நல்லது. ஆனால் எனக்குக் கூட்டணி என்றாலே கலியாண வீடுதான் நினைவுக்கு வரும். பந்திக்கு எல்லாரும் வருவார்கள். முடிந்த பிறகு சமைத்த கிடாரம் கழுவ யார் நிற்கிறார்கள்?

1990இல் எனக்குப் பதினெட்டு வயது. இராணுவம் மன்னாரில் எங்கள் ஊருக்குள் இறங்கப்போகிறது என்று கதை. இயக்கப் பொடியள் வந்து, "இடம் வலம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்றார்கள். ஒருவரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. ஊரைக் காக்கிறேன் என்று நானாகத்தான் போனேன். கிணற்றடியிலிருந்து பனங்காணி வரைக்கும் கயிறு பிடித்து அளந்து கொடுத்தேன். இரண்டு வரிசையில் நாற்பத்து மூன்று மிதிவெடிகள். குறித்து வைத்தவன் அடுத்த கிழமையே கொப்பியோடு செத்துப்போனான். அடுத்த வருடம் நான் இங்கே வந்துவிட்டேன். அடையாளத்துக்கு இருந்த பனைகளையும் பதுங்குகுழி போடத் தறித்துவிட்டார்கள். வரைபடம் என் தலையில் இருந்தது. என் தலை டுசல்டோர்ஃபில் இருந்தது.

இராணுவம் அந்தப் பக்கத்தால் வரவே இல்லை. சமாதான காலத்தில் ஊருக்குத் திரும்பிய பிறேமா அக்காதான் விறகு பொறுக்க அந்தப் பக்கம் போனா. ஓம், உன்னுடைய பிறேமா மாமி, என் பெரியம்மாவின் மகள். ஊருக்குப் போனபோது உன்னை மடியில் வைத்துப் பனம் பினாட்டுத் தந்தவ. மாமிக்கு ஏன் ஒரு கால் இல்லை என்று நீ கேட்டாய். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அகதி விசாரணையில், ஏதாவது இயக்கத்துக்கு உதவினாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஓம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இங்கே குடியுரிமை கிடைத்த பிறகு அந்தப் பயம் குறைந்தது. ஆனால் வெட்கம் வாயைத் திறக்க விடவில்லை. நான் ஊருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் அக்காவுக்குக் கால் இருந்திருக்கும்.

நேற்றுத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். "இவ்வளவு வருசமா இதை நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டோ எனக்குப் பக்கத்தில படுத்தனீங்கள்?" என்றா. பிறகு ஒரு வெள்ளைத்தாளும் அடிமட்டமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "கீறுங்கோ" என்றா.

நாற்பத்து மூன்று புள்ளிகள் போட்ட அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கிணற்றுக்கட்டு இப்போதும் இருக்கிறதாம். அதிலிருந்துதான் அளவு போட்டேன். அங்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களோ, இன்னும் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. உனக்கு அளவும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். ஒழுங்காகத் திருப்பிக் கீறி, அங்கே வெடி அகற்றுகிறவர்களுக்கு அனுப்பு. என் முழுப்பெயரையும் போடு. அதனால் இங்கே என்னிடம் கேள்வி கேட்க வந்தால், இந்த முறை உண்மையைச் சொல்கிறேன். பிறேமா அக்காவுக்கு நானே எழுதுகிறேன். அதை நீ செய்ய முடியாது.

அனுப்பிவிட்டு உன் கையெழுத்தை வை. ஓம், நான் ஓம் என்கிறேன். ஒரு படை ஊருக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவன் நான். எல்லையை மறிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எதைப் புதைத்தாலும் குறித்து வை. மரத்தை நம்பி அளக்காதே. குறித்ததை உன்னிடம் மட்டும் வைத்திருக்காதே, நாலு பேரிடம் கொடு. பந்தி முடிந்த பிறகும் நின்று கிடாரம் கழுவு.

மாதா உன்னோடு இருப்பா. புதைத்த எல்லாவற்றையும் எண்ணி எடுத்துவிட்டு, இரண்டு காலோடும் வீட்டுக்கு வந்து சேர், என் செல்லம்.

உன் அப்பா,
ஜேசுரட்ணம்