பாறையில் இல்லாத வரி

ஜூன் 4, 1962, திங்கள்

காலையிலிருந்தே வெக்கை. எம்.ஏ. சங்கீத விண்ணப்பம் வந்துவிட்டது. இரண்டு பிரிவு: கச்சேரி, ஆராய்ச்சி. ஒன்றில்தான் குறியிடலாம். வெள்ளிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

அப்பா முடிவே செய்துவிட்டார். "ஆராய்ச்சின்னா பின்னாடி காலேஜ்ல வேலை கிடைக்கும். கச்சேரின்னா ஊர் ஊரா ஒன்கூட யாரு வாரது?" ஆத்தா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கும் ஆராய்ச்சிதான் சௌகரியம். தை மாதம் திருமயத்துக் கல்யாணத்தில் தொண்டை அடைத்து, பாதிப் பாட்டில் எழுந்து வந்தது இன்னும் ஆறவில்லை. பயம்தான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூன் 5, செவ்வாய்

ஆராய்ச்சிக்கு மாதிரிக் கட்டுரை இணைக்க வேண்டுமாம். குடுமியான்மலைப் பாறையில் கிரந்த எழுத்தில் சுரங்களைச் செதுக்கிய இசைக் கல்வெட்டில் ஒரு பகுதியைப் பார்த்து எழுதி, விளக்கம் சேர்க்கலாம். ஒப்பிடக் கல்வெட்டின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கித் தருவதாக அப்பா சொன்னார்.

நாளைக்கு: குடை, இரண்டு பென்சில், கிரந்த எழுத்து அட்டை, தண்ணீர்க் கூஜா, புளிச்சோறு.

ஜூன் 6, புதன்

எட்டு மணி பஸ். அப்பாவும் வந்தார். பாறை கொதித்தது. சுரங்கள் நாலு நாலாக, வரி வரியாக. பாடிக்கொண்டே எழுதினேன், தொடையில் தாளம். அப்பா குடைக்கடியில் நல்ல தூக்கம்.

பூக்காரம்மா ஒருவர் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பென்சில் சீவ நிறுத்தினேன். "ஏந்தாயி நிறுத்திட்டீங்க? பாடுங்க."

பாடினேன். தொண்டை அடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஜூன் 7, வியாழன்

மூட்டம். மழை இல்லை. அச்சுப் பிரதியை வைத்து அப்பா என் நோட்டைச் சரிபார்த்தார். "இங்கிட்டு ஒரு வரி கூட இருக்கே."

ஒரே வரியை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்! பாட்டில் எந்த வரியையும் இரண்டு தரம் பாடியே பழக்கம். போதாததற்கு, இரண்டாம் தரம் எழுதியதில் எழுத்துக்கு மேலே சின்னச் சின்ன வளைவுகள், குரல் அசையும் இடங்களில். போட்ட நினைவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"அழிச்சிட்டு அனுப்பு." ரப்பரை எடுத்தேன். மனசு வரவில்லை. நோட்டிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்; கல்லில் இல்லாதது, நான் பாடியது. கச்சேரிப் பிரிவுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அச்சுப் பிரதியை மூடி வைத்தார். பிறகு, "மறுபடி தொண்டை அடைச்சா?"

"அடைக்கட்டும்ப்பா."

அடுப்படியிலிருந்து ஆத்தா: "ஊர் ஊரா நான் வாரேன் அவகூட."

ஜூன் 8, வெள்ளி

குறியிட்டேன். கட்டுரை தேவையில்லை. கீழே அச்சில்: 'நேரில் வந்து பாடிக் காட்ட வேண்டும்.' இரண்டு தரம் படித்தேன். உறையோடு அப்பா தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.